நகைக்கடன் எடுத்து டிஃபென்ஸ் பங்கு வாங்கலாமா?

கேள்வி: கோவையில் நான்கு மெஷின் வைத்து சிஎன்சி ஜாப் ஒர்க் செய்கிறேன். வயது 43. பட்டியலான ஒரு சிறிய பாதுகாப்புத் தளவாட நிறுவனத்துக்கு மூன்று வருடமாக அலுமினியப் பாகங்கள் செய்து கொடுக்கிறேன். இப்போது வழக்கத்தைவிட மூன்று மடங்கு எண்ணிக்கைக்கு டிராயிங் அனுப்பியிருக்கிறார்கள். பெரிய ஆர்டர் வருகிறது, இன்னும் வெளியே அறிவிக்கவில்லை என்று பர்ச்சேஸ் பிரிவில் சொன்னார்கள். அந்தப் பங்கு, சிறு நிறுவனங்களுக்கான எஸ்எம்இ சந்தையில் உள்ள ஒரு டிரோன் நிறுவனம், சமீபத்தில் பெயரில் ‘டிஃபென்ஸ்’ சேர்த்துக்கொண்ட இன்னொரு நிறுவனம் ஆகிய மூன்றிலும் தலா 4 லட்சம் போட நினைக்கிறேன். கையில் 7 லட்சம் இருக்கிறது. மீதி 5 லட்சத்துக்கு நகைக்கடன், வட்டி 11 சதவீதம். மூன்றாவது பங்கில் டெலிகிராம் குழுவில் சொன்னதைப் பார்த்து ஏற்கெனவே 60,000 ரூபாய் போட்டுவிட்டேன். தினமும் அப்பர் சர்க்யூட் (ஒரு நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச விலை) அடிக்கிறது. டிரோன் நிறுவனத்திடம் ஆண்டு விற்பனையைப்போல் நான்கு மடங்கு ஆர்டர் புக் (இன்னும் முடிக்க வேண்டிய ஆர்டர்களின் மொத்தம்) இருக்கிறதாம். இரண்டு வருடத்தில் பணம் இரட்டிப்பாகுமா?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் பங்கை இப்போது வாங்காதீர்கள். உங்கள் பெயரில் வேண்டாம், மனைவி பெயரில் வேண்டாம், மைத்துனரிடம் சொல்லி அவர் கணக்கிலும் வேண்டாம். அந்தப் பங்கு ஏறலாம், இறங்கலாம். அதற்கு முன்னால் சட்டம் குறுக்கே நிற்கிறது.

உள்வர்த்தகம், அதாவது வெளிவராத தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பது என்றால், இயக்குநர்களும் உயரதிகாரிகளும் செய்கிற குற்றம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் அப்படிச் சொல்லவில்லை. கடந்த 6 மாதங்களில் ஒப்பந்த முறையிலோ தொழில் முறையிலோ நிறுவனத்தோடு தொடர்பில் இருந்து, அதன் மூலம் வெளிவராத தகவல் கைக்கு எட்டக்கூடிய எவரும் ‘தொடர்புடைய நபர்’தான். சப்ளையர் அதில் வருவார். தொடர்பே இல்லாதவர்கூட அப்படிப்பட்ட தகவலைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கினால் மாட்டுவார். 2025 ஜூன் 10 முதல் அமலில் உள்ள திருத்தம், வழக்கமான வியாபாரத்தைத் தாண்டிய ஆர்டர் கிடைப்பதையும் ரத்தாவதையும் விலையைப் பாதிக்கும் தகவல் பட்டியலில் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. தண்டம் குறைந்தபட்சம் 10 லட்சம் ரூபாய். அதிகபட்சம் 25 கோடி அல்லது கிடைத்த லாபத்தின் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அது. 4 லட்சத்தில் 80,000 ரூபாய் லாபம் பார்த்தவருக்கும் கணக்கு 10 லட்சத்தில்தான் தொடங்கும். உங்கள் ஆர்டர் வழக்கமானதா இல்லையா என்று பிறகு வாதாடலாம். அந்த வாதத்தை வக்கீல் வைத்து நடத்த வேண்டிய நிலைக்கு நீங்கள் போகவே கூடாது. பர்ச்சேஸில் கேட்டதை வேறு யாரிடமும் சொல்லவும் வேண்டாம். தகவலைக் கடத்துவதும் அதே விதிமுறையில் தனிக் குற்றம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மூன்று மடங்கு எண்ணிக்கைக்கு டிராயிங் வந்ததாலேயே ஆர்டர் வந்துவிட்டது என்று ஆகாது. ஒரு டெண்டருக்கு விலை போடும் முன் மூன்று நான்கு பட்டறைகளில் ரேட் கேட்பது வழக்கம் என்பது உங்களுக்கே தெரியும். அந்த டெண்டரில் அவர்கள் எல்1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவராக, வராமலும் போகலாம்.

சரி, நிறுவனம் முறைப்படி பங்குச் சந்தைகளுக்கு அறிவித்த பிறகு வாங்கலாமா? சட்டத் தடை பெரும்பாலும் விலகிவிடும். அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் மெஷின்களின் ஈஎம்ஐ, ஆட்களின் சம்பளம், வீட்டுச் செலவு எல்லாம் அந்த நிறுவனம் உங்கள் பில்லை பாஸ் செய்வதை நம்பித்தான் ஓடுகின்றன. அங்கே ஒரு கான்ட்ராக்ட் தள்ளிப்போனால் உங்கள் வேலை குறையும், பாக்கி இழுக்கும், அதே வாரத்தில் பங்கும் விழும். சேமிப்பையும் அங்கேயே வைத்திருந்தால் மூன்றும் ஒன்றாக அடிபடும்.

இனி ஆர்டர் புக் விஷயம். டிஃபென்ஸ் பங்குகளில் சிறு முதலீட்டாளர் பணத்தை இழக்கிற இடம் பெரும்பாலும் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முப்படைகளுக்கான பெரிய கொள்முதல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் நடைமுறைப்படி நடக்கிறது. முதலில் படைகள் தேவையை எழுதி, நிறுவனங்களிடம் தகவல் கேட்கின்றன. பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் கவுன்சில் ‘தேவை ஏற்பு’ தருகிறது. செய்திகளில் ஏஓஎன் என்று வருவது இதுதான். அதன் பிறகுதான் டெண்டர் அழைப்பு, தொழில்நுட்ப மதிப்பீடு, களச் சோதனை. ராஜஸ்தான் வெயிலிலும் லடாக் குளிரிலும் நடக்கிற இந்தச் சோதனைக்குக் கருவியைக் கொண்டுபோவதும் ஆட்களை அனுப்புவதும் பெரும்பாலும் நிறுவனத்தின் செலவு. ‘நோ காஸ்ட் நோ கமிட்மென்ட்’ என்று டெண்டரிலேயே எழுதியிருப்பார்கள். தேறியவர்களின் விலை உறையைப் பிரித்து எல்1 யார் என்று பார்ப்பார்கள். பிறகு விலைப் பேச்சு, நிதி ஒப்புதல், கடைசியில் கையெழுத்து. ஏஓஎன்னிலிருந்து கையெழுத்துவரை ஓரிரு வருடம் என்பது சாதாரணம். அதைத் தாண்டியும் போகும். கையெழுத்தான பிறகும் முதல் மாதிரி, தர ஆய்வு, டெலிவரி, ஏற்புச் சான்று, பில், பணம் என்று பாதை நீள்கிறது.

பங்கு விலை ஏறுவது இந்தப் பாதையின் முதல் படியிலேயே. 2025 ஜூலை 3 அன்று கவுன்சில் சுமார் 1.05 லட்சம் கோடி ரூபாய் மதிப்பில் 10 திட்டங்களுக்கு ஏஓஎன் கொடுத்தது. அதற்குப் பத்து நாள் முன்னால்தான், அவசரக் கொள்முதல் முறையில் 13 ஒப்பந்தங்கள் 1,981.90 கோடிக்கு இறுதியாகியிருந்தன. முதல் தொகை அனுமதி, இரண்டாவது ஒப்பந்தம். ‘பாதுகாப்புத் துறைக்கு ஒரு லட்சம் கோடி’ என்று தலைப்பைப் பார்த்து 300 கோடி மதிப்புள்ள ஒரு நிறுவனத்தை வாங்குகிறவர், அந்த 10 திட்டங்களில் அந்த நிறுவனத்தின் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்திருக்க மாட்டார்.

கையெழுத்தான ஒப்பந்தமும் தாமதத்துக்குத் தப்பாது. 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு எச்ஏஎல் நிறுவனத்துடன் சுமார் 48,000 கோடிக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தமானது. டெலிவரி 2024 மார்ச்சில் தொடங்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து எஃப் 404 இன்ஜின் வரத் தாமதமாகி, இந்த ஒப்பந்தத்துக்கான முதல் இன்ஜினே 2025 மார்ச்சில்தான் வந்தது. விமானத்துக்கு ஒயர் ஹார்னஸும் பிராக்கெட்டும் செய்கிற மூன்றாம் அடுக்குச் சிறு நிறுவனத்துக்கு இதில் எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் மேலே ஒரு பாகம் தாமதமானால் கீழே எல்லோருடைய அட்டவணையும் தள்ளிப்போகும். சரக்கு ஷெல்ஃபில் கிடக்கும், வங்கி வட்டி ஓடும்.

ஒப்பந்தம் ரத்தாவதும் உண்டு. 2025 பிப்ரவரியில் 400 சரக்கு டிரோன்களுக்கான, 230 கோடிக்கும் அதிகமான ஒப்பந்தங்களை ராணுவம் ரத்து செய்தது. சீனப் பாகங்கள் இருந்ததுதான் காரணம். டிரோன் நிறுவனத்தில் பணம் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே வருகிறது: மோட்டார், ஸ்பீட் கன்ட்ரோலர், ஃபிளைட் கன்ட்ரோலர், பேட்டரி செல், கேமரா, ரேடியோ லிங்க், இவற்றில் எதை அவர்களே வடிவமைக்கிறார்கள், எதை வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்? ஆண்டறிக்கையில் இறக்குமதி செய்த மூலப்பொருளின் பங்கு எவ்வளவு, ஆராய்ச்சிச் செலவு எவ்வளவு என்று தேடுங்கள். 60 கோடி விற்பனையில் ஆராய்ச்சிக்கு 40 லட்சம் செலவழிக்கிற நிறுவனம் பொருளை அசெம்பிள் செய்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இப்போது அந்த நான்கு மடங்கு. நான்கு மடங்கு ஆர்டர் எத்தனை வருடத்தில் நிறைவேற வேண்டியது? ஏழு வருடப் பராமரிப்பு ஒப்பந்தமும் அதில் சேர்ந்திருக்கிறதா? ஜிஎஸ்டி சேர்த்த தொகையா? 18 சதவீத வரி உள்ள பொருளில் 118 கோடி ஆர்டர் என்றால் விற்பனை 100 கோடிதான். எல்1 ஆக வந்ததையும், புரிந்துணர்வு ஒப்பந்தத்தையும், ‘எம்பேனல்மென்ட்’ என்ற பட்டியலில் சேர்ந்ததையும் கூட்டிச் சொல்கிறார்களா? ஐடெக்ஸ் பரிசை ஆர்டர் என்று காட்டுகிறவர்களும் உண்டு. அது புதுப்பொருளை உருவாக்க அரசு தரும் மானியம். சாதாரணப் பிரிவில் 1.5 கோடி வரை, பிரைம் பிரிவில் 10 கோடி வரை, அதிதி திட்டத்தில் 25 கோடி வரை. அதுவும் மைல்கல் தாண்டத் தாண்டத் தவணையாகத்தான் வரும், நிறுவனமும் தன் பங்குக்குப் பணம் போட வேண்டும். திறமைக்கு நல்ல அடையாளம் என்பதில் சந்தேகம் இல்லை. விற்பனைக்கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

நிறுவனம் சந்தைக்கு அனுப்பும் அறிவிப்பு பிஎஸ்இ, என்எஸ்இ தளங்களில் இலவசம். ஆர்டர் கொடுத்தது யார், தொகை எவ்வளவு, எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும், கொடுத்தவர் புரோமோட்டருக்கு வேண்டியவரா என்பதையெல்லாம் அதில் சொல்ல வேண்டும் என்பது செபி விதி. பாதுகாப்புக் காரணத்தால் வாங்குபவர் பெயரை மறைப்பது நியாயமே. தொகையையும் காலத்தையும் சேர்த்து மறைத்து ‘கணிசமான ஆர்டர்’ என்று மட்டும் சொன்னால் அதைச் செய்தியாகவே எடுக்காதீர்கள்.

உண்மையான ஆர்டர் உள்ள நல்ல நிறுவனத்திலும் வருமானம் சீராக வராது. நவி மும்பையின் ஐடியாஃபோர்ஜ், இந்திய ராணுவத்துக்கு டிரோன் கொடுத்துப் பெயர் பெற்ற நிறுவனம். 2023 ஜூன் வெளியீட்டில் பங்கு விலை 672 ரூபாய். ஜூலை 7 அன்று பட்டியலானபோது சுமார் 1,300-இல் திறந்தது. 2023-24-இல் வருமானம் சுமார் 314 கோடி, நிகர லாபம் 45 கோடி. அடுத்த ஆண்டு ஆர்டர்கள் தள்ளிப்போய், வருமானம் 161 கோடியாகப் பாதியாகி, சுமார் 62 கோடி நஷ்டம். 2025 மார்ச்சில் பங்கு 400 ரூபாய்க்கும் கீழே. தொழில்நுட்பம் தெரிந்த, சொந்தமாக வடிவமைக்கிற நிறுவனத்துக்கே இந்த ஏற்ற இறக்கம். பட்டியலான முதல் நாளில் 1,300-க்கு வாங்கியவர் நிறுவனத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல முடியாது. கொடுத்த விலை தவறு.

ஒரே ஆண்டுக்குள்ளும் இப்படித்தான். சென்னை சிறுசேரியில் ராடார், மின்னணுப் போர்க்கருவி செய்கிற டேட்டா பேட்டர்ன்ஸ் 2024-25-இல் சுமார் 708 கோடி வருமானம் காட்டியது. அதில் சுமார் 396 கோடி கடைசிக் காலாண்டில் மட்டும் வந்தது. மார்ச் 31-க்குள் பட்ஜெட்டைச் செலவழிக்கிற அரசாங்கம் வாடிக்கையாளராக இருந்தால் இப்படித்தான் அமையும். ஆகவே ஒரு காலாண்டு ‘லாபம் 200 சதவீதம் உயர்வு’ என்ற செய்தியையும், ‘60 சதவீதம் சரிவு’ என்ற செய்தியையும் வைத்து வாங்கவோ விற்கவோ கூடாது. நான்கு காலாண்டையும் கூட்டிப் பாருங்கள்; முடிந்தால் மூன்று ஆண்டு சராசரி.

பேலன்ஸ் ஷீட்டில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், வரவேண்டிய பாக்கியைப் பாருங்கள். பில் போட்டவுடனேயே லாபம் கணக்கில் ஏறிவிடும். பணம் வர எட்டு மாதம், பத்து மாதம் ஆகலாம். 100 கோடி விற்பனை, பாக்கி 240 நாள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 66 கோடி வெளியே நிற்கிறது. மூலப்பொருள் செலவு 60 கோடி, கையிருப்பு 180 நாள் என்றால் இன்னும் 30 கோடி. ஆகப் 96 கோடி தொழிலுக்குள் முடங்கியிருக்கிறது. இந்த நிறுவனம் விற்பனையை 200 கோடியாக்கினால் இன்னொரு 96 கோடி வேண்டும். ஆண்டு லாபம் 15 கோடி. மீதி எங்கிருந்து வரும்? வங்கிக் கடன், இல்லையென்றால் புதுப் பங்கு. அதனால்தான் இந்தத் துறையில் வேகமாக வளர்கிற சிறு நிறுவனங்கள் திரும்பத் திரும்பப் பங்கு வெளியிடுகின்றன. உங்கள் பங்கின் பாத்தியதை ஒவ்வொரு முறையும் கரைகிறது.

ஆண்டறிக்கையின் குறிப்புகளில் பாக்கியின் வயது அட்டவணை இருக்கும்: 6 மாதத்துக்குள், 6 மாதம் முதல் 1 வருடம், 1–2, 2–3, 3 வருடத்துக்கு மேல். அரசு பாக்கி 8 மாதம் நிற்பது இயல்பு. இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட கட்டத்தில் பெரிய தொகை நின்றால், சரக்கில் ஏதோ தகராறு, அல்லது அந்த விற்பனையே சந்தேகம். பக்கத்திலேயே ‘அன்பில்டு ரெவின்யூ’ என்று பில் போடாத வருமானம் இருக்கும். அது வருடா வருடம் விற்பனையைவிட வேகமாக வளர்ந்தால் எச்சரிக்கை. மூன்று வருட மொத்த லாபத்தையும், தொழிலிலிருந்து வந்த ரொக்க ஓட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். லாபம் 40 கோடி, ரொக்கம் மைனஸ் 25 கோடி என்று வந்தால், அந்த வளர்ச்சி உங்களைப்போன்ற பங்குதாரர்களின் பணத்தில் ஓடுகிறது.

பலர் கவனிக்காத ஓர் ஆவணம் கடன் தர அறிக்கை. கிரிசில், இக்ரா, கேர் போன்ற நிறுவனங்கள் சிறு கம்பெனிகளின் வங்கிக் கடனுக்குத் தரம் கொடுக்கும்போது காரணத்தையும் எழுதித் தளத்தில் இலவசமாகப் போடுகின்றன. வங்கியின் ஓவர் டிராஃப்ட் வரம்பில் எத்தனை சதவீதம் பயன்பாட்டில் இருக்கிறது, எந்த வாடிக்கையாளரை எவ்வளவு நம்பியிருக்கிறது, ஆர்டர் எப்போது முடியும் என்பதெல்லாம் விளம்பர வாசனை இல்லாமல் அங்கே இருக்கும். ‘இஷ்யூயர் நாட் கோஆப்பரேட்டிங்’ என்று முத்திரை இருந்தால், நிறுவனம் தர நிறுவனத்துக்குத் தகவல் கொடுக்கவில்லை என்று பொருள். அந்தப் பங்கை அங்கேயே விட்டுவிடலாம்.

இரட்டிப்பாகுமா என்று கேட்டீர்கள். ஒரு கணக்கு. லாபம் 15 கோடி, சந்தை மதிப்பு 1,200 கோடி, அதாவது லாபத்தைப்போல் 80 மடங்கு விலை. டிஃபென்ஸ் மோகத்தில் இது அபூர்வம் இல்லை. லாபம் ஐந்து வருடம் தொடர்ந்து 30 சதவீதம் வளர்கிறது என்றே வைப்போம். 15 கோடி சுமார் 56 கோடியாகும். அதற்குள் மோகம் தணிந்து விலை 30 மடங்குக்கு வந்தால் சந்தை மதிப்பு சுமார் 1,670 கோடி. ஆண்டுக்கு 7 சதவீதம்கூட இல்லை. நடுவில் 15 சதவீதம் புதுப் பங்கு வெளியிட்டிருந்தால் உங்கள் கைக்கு வருவது ஆண்டுக்கு 4 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. நிறுவனம் எல்லாவற்றையும் சரியாகச் செய்து முடித்த பிறகு வரும் கணக்கு இது. இதற்கு 11 சதவீதத்தில் கடன் வாங்கப் போகிறீர்கள்.

எஸ்எம்இ சந்தையில் இன்னொரு சிக்கல், வெளியே வருவது. அங்கே ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று விற்க முடியாது. லாட் கணக்கில்தான் விற்க வேண்டும், ஒரு லாட்டே லட்சத்துக்கு மேல் போவது சாதாரணம். நிதிநிலை முடிவுகள் அரையாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் கெட்ட செய்தி தெரியவே ஆறு மாதம் ஆகலாம். 5 சதவீத லோயர் சர்க்யூட் பத்து நாள் தொடர்ந்தால் விலையில் 40 சதவீதம் போய்விடும். அந்தப் பத்து நாளும் ‘விற்க’ பட்டன் வேலை செய்யும், வாங்க ஆள் இருக்காது. விலை இறங்கினால் தானாக விற்கச் சொல்லிவைக்கும் ஸ்டாப் லாஸ் இங்கே காப்பாற்றாது.

பெயர் மாற்றிய நிறுவனத்துக்கு வருகிறேன். முந்தைய ஒரு வருட வருமானத்தில் பாதியாவது புதுத் தொழிலிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது சொத்தில் பாதியாவது அதில் முதலீடாகியிருக்க வேண்டும் என்பது பெயர் மாற்றத்துக்கான செபி நிபந்தனைகளில் முக்கியமானது. ஆகவே கடைசி ஆண்டறிக்கையில் தொழில்வாரி வருமானத்தைத் திறந்து பாருங்கள். தொழிற்சாலை முகவரி என்ன, எத்தனை ஊழியர், மின் கட்டணம் எவ்வளவு, மெஷினரி மதிப்பு எவ்வளவு? நான்கு மெஷின் ஓட்டுகிற உங்களுக்கு, கரண்ட் பில்லைப் பார்த்தால் அங்கே எத்தனை ஸ்பிண்டில் சுற்றுகிறது என்று தெரிந்துவிடும். பங்குத் தரகர் யாருக்கும் இல்லாத திறமை இது. முறையான உபயோகம் இங்கேதான்.

அடுத்து, வாரண்ட். முன்பே குறித்த விலையில் பிறகு பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை அது. 25 சதவீதம் மட்டும் முன்பணம் கட்டி, மீதியை 18 மாதத்துக்குள் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். பங்கு 40 ரூபாயில் இருக்கும்போது இருபது முப்பது பேருக்கு வாரண்ட் போகிறது. பிறகு வரிசையாக அறிவிப்புகள்: வெளிநாட்டு நிறுவனத்துடன் புரிந்துணர்வு, டிரோன் துணை நிறுவனம், பெயர் மாற்றம். விலை 110. வாரண்ட் பங்காகிறது, விற்கக்கூடாத லாக்-இன் காலம் முடிகிறது, அவர்கள் விற்கிறார்கள். வாங்குவது டெலிகிராம் குழு. உங்கள் பங்கில் இப்படி நடக்கிறதா என்று பார்க்க, காலாண்டுப் பங்குதாரர் பட்டியலை நான்கு காலாண்டுக்கு எடுத்து வைத்துப் பாருங்கள். புரோமோட்டர் பங்கு குறைந்துகொண்டே வந்து, சிறு பங்குதாரர் எண்ணிக்கை 3,000-இலிருந்து 40,000 ஆகியிருந்தால் யார் யாருக்கு விற்றார்கள் என்பது அதிலேயே இருக்கிறது. குழுவில் பரிந்துரைப்பவரின் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வாளர் என்றால் ஐஎன்ஹெச், ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ என்று தொடங்கும். செபி தளத்தில் அதைச் சரிபாருங்கள். பதிவு உள்ள எவரும் உறுதியான லாபம் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

நகைக்கடனைத் தொடவே வேண்டாம். 5 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 55,000. நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடத்தில் திருப்ப வேண்டியது. ஒரு டிஃபென்ஸ் ஆர்டர் பணமாக மூன்று வருடம் ஆகும். வட்டி கட்ட வேண்டிய மாதத்தில் பங்கு பாதி விலையில் இருந்தால், விற்றாலும் நஷ்டம், விற்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். ஒரு வருடத்துக்குள் விற்றுக் கிடைக்கும் லாபத்தில் 20 சதவீதம் வரியும் போகும். நகை உங்கள் தொழிலில் ஒரு மெஷின் நின்றால் எடுக்க வேண்டிய கடைசி இருப்பு. அதை அதற்கே வையுங்கள்.

7 லட்சத்தில் முதலில் ஆறு மாத வீட்டுச் செலவும், இரண்டு மாதச் சம்பளமும், ஒரு ஸ்பிண்டில் ரிப்பேர் தொகையும் வங்கி வைப்பில் இருக்கட்டும். உங்கள் வாடிக்கையாளரே பாக்கி இழுக்கிற துறையில் இருப்பதால் இது மற்றவர்களைவிட உங்களுக்கு அவசியம். மிச்சத்தில் பெரும்பகுதி சாதாரண நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் மாதத் தவணையாகப் போகலாம். டிஃபென்ஸ் துறை மேல் நம்பிக்கை இருந்தால், அந்தத் துறையின் குறியீட்டு ஃபண்டில் 50,000 முதல் 70,000 வரை, பன்னிரண்டு மாதமாகப் பிரித்துப் போடுங்கள். அதிலும் ஏற்ற இறக்கம் கடுமைதான்: நிஃப்டி இந்தியா டிஃபென்ஸ் குறியீடு 2024 ஜூலை உச்சத்திலிருந்து 2025 பிப்ரவரிக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது, மே மாத ஆபரேஷன் சிந்தூருக்குப் பிறகு வேகமாக ஏறியது. அந்த ஏற்றத்தில் வாங்கியவர்களுக்குத்தான் செய்தி கையில் இருந்தது. விழுந்து கிடந்தபோது வாங்க எந்தச் செய்தியும் இல்லை. தவணை முறை அதற்காகத்தான். டிரோன் நிறுவனத்தின் மூன்று ஆண்டறிக்கைகளையும் கடன் தர அறிக்கையையும் படித்த பிறகும் நம்பிக்கை இருந்தால், அது எஸ்எம்இ சந்தையிலிருந்து மெயின்போர்டு எனப்படும் வழக்கமான பங்குச் சந்தைப் பிரிவுக்கு மாறும்வரை காத்திருங்கள். சிறு தொகையில் வாங்கிப் பார்க்கவும், தேவைப்படும்போது விற்கவும் அங்கே முடியும்.

ஏற்கெனவே போட்ட 60,000 ரூபாய்: அப்பர் சர்க்யூட் ஓடும் நாளில் வாங்க ஆள் வரிசையில் நிற்பார்கள், விற்கத்தான் ஆள் இருக்காது. விற்க எளிதான நாள் அதுதான். மேலே சொன்ன வருமானப் பிரிவையும் வாரண்ட் விவரத்தையும் இந்த வார இறுதியில் பாருங்கள். பாதி வருமானம் டிஃபென்ஸிலிருந்து வரவில்லை என்றால், திங்கள்கிழமை காலை சந்தை திறந்ததும் சர்க்யூட் விலையிலேயே லிமிட் ஆர்டர் போட்டு முழுவதையும் கொடுத்துவிடுங்கள். பாதியை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். சர்க்யூட் திசை மாறினால் அந்தப் பாதிக்கு வாங்குபவர் கிடைக்க மாட்டார். விற்ற பணம் அடுத்த வேலை நாளில் கணக்குக்கு வந்துவிடும். லாபம் இருந்தால் வரிக்கான 20 சதவீதத்தையும் அதன் மேல் செஸ்ஸையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியை அவசர இருப்பில் சேருங்கள்.